இமையார்

லாபே நதியோரம் ஊற்றுநீருக்குப் பேர்போன அந்தச் சிறுநகரில்
காலை எட்டு மணிக்கே
லிண்டன் மரங்களுக்கடியில் நாற்காலி போட்டாகிவிட்டது.
இதய நோய்க்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள்
மூக்கு வைத்த பீங்கான் குவளையில் உப்புத் தண்ணீரை உறிஞ்சியபடி
உலகத்தின் அதிவேக நடைக்காகக் காத்திருக்கிறார்கள்.

ட்ராஹோமிரா நிற்கிறாள்.
நடுவருக்கு நாற்காலி இல்லை.
கேமரா இல்லை. குனிந்து பார்க்கவும் கூடாது.
வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால் குற்றம்,
தெரியாவிட்டால் நடை.

வாரநாட்களில் அவள் கண்ணாடி ஆலையில்
ஒயின் கோப்பைகளை விளக்குக்கு நேரே பிடித்து
உள்ளே மாட்டிக்கொண்ட காற்றைத் தேடுகிறவள்.
கடுகளவு குமிழ் போதும்,
கோப்பை மறுபடி உலைக்குப் போய்விடும்.
இருபத்தாறு வருடம்.
செருப்புக்கும் தாருக்கும் நடுவே காற்று நுழைந்தால்
அவளுக்குத் தெரியாமல் போகாது என்று
நடுவர்களுக்குள் ஒரு பேச்சு.

இருபது கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர் சுற்று, இருபது முறை.
இடுப்பு எண்ணெயில் மிதப்பதுபோல் உருள
முழங்கை காற்றை அறுக்க
வருகிறார்கள் பெண்கள்.
ஒரு பாதமாவது மண்ணில் இருக்க வேண்டும்,
ஊன்றிய கால் நேராக இருக்க வேண்டும்,
அவ்வளவுதான் சட்டம்.
ஓடு ஓடு என்று கத்துகிற உடம்பை
ஒவ்வோர் அடியிலும் வாய்பொத்தி
இழுத்துக்கொண்டு போவது.

தமிழில் தேவர்களுக்கு இமையார் என்று ஒரு பெயர் உண்டு.
அவர்கள் கண் இமைக்காது, கால் நிலத்தில் படாது.
இங்கே வந்திருந்தால்
நான்காவது சிவப்புச் சீட்டில்
மாலையும் கழுத்துமாக வெளியே அனுப்பியிருப்பார்கள்.
நடப்பவள் மனுஷியாகவே இருக்க வேண்டும்,
பார்ப்பவள் மட்டும் பாதி தேவதை.

ஆறாவது சுற்றில் ட்ராஹோமிரா
அலைக்கோடு போட்ட மஞ்சள் மட்டையை
நாற்பத்தொன்றுக்குக் காட்டினாள்.
நாற்பத்தொன்று தலையாட்டியது,
போகிற வழியில் யாரோ நலம் விசாரித்த மாதிரி.
பலகையில் அவள் பெயர் ஒதிலியா சோக், குவாத்தமாலா.
நடுவருக்குப் பெயர் எதற்கு?
பன்னிரண்டில் பலகையில் இரண்டு சிவப்புப் புள்ளி,
வேறு கண்கள் வைத்தவை.

பதினைந்து.
ஆற்றுப் பக்கமிருந்து பாப்ளர் பஞ்சு பறந்து வந்தது.
நாற்பத்தொன்று நேரெதிரே வரும்போது
ஒரு நூல் அவள் இமையில் உட்கார்ந்தது.

கண்ணிமைக்கும் பொழுது.
எங்கள் இலக்கணத்தில் ஒரு குறிலுக்கு அதுதான் அளவு,
'அ' என்று சொல்கிற நேரம்.
அதற்குள் ஓர் அடி பிறந்து முடிந்துவிடும்.

திறந்தபோது குதிகால் தரையில் இருந்தது.
பின்னல் மட்டும் இன்னும் மேலேயிருந்து
இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னல் ஏறினால் தலை ஏறியிருக்கும்,
தலை ஏறினால் கால்...
இது கணக்கு. பார்வை இல்லை.
அவளுக்கும் தெரியும்.
எண், நேரம், அலைக்கோடு, கையெழுத்து.
சீட்டை வாங்கிக்கொண்டு சைக்கிள் பையன் போயேவிட்டான்.

மூன்றாவது சிவப்புக்கு இரண்டு நிமிடத் தண்டனை.
வேலிக்குள் நாற்பத்தொன்று நின்றது.
நெஞ்சு மட்டும் நடந்துகொண்டேயிருந்தது.
அந்தப் பந்தயத்திலேயே
இரண்டு பாதமும் மண்ணில் இருந்தது அவளுக்குத்தான்.
அதைப் பார்த்து எழுத எந்தச் சீட்டும் இல்லை.

பிறகு வந்தாள்.
ஒருத்திக்கு ஒரு நடுவர் ஒரு சிவப்புதான் எழுதலாம்.
இனி அவள் எப்படிப் போனாலும்
ட்ராஹோமிராவின் பென்சிலுக்கு வேலையில்லை.
ஆனாலும் பார்த்தாள்.
கண்ணில் நீர் கட்டி வழிகிற வரை
இமையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.
இந்த முறை சந்தேகமே இல்லை,
பட்டப்பகல், விளக்குக்கு நேரே பிடித்தது போல,
குதிகாலுக்குக் கீழே
கடுகளவு காற்று.

பக்கத்து நாற்காலிக் கிழவர்
குவளையிலிருந்து வாயை எடுத்துக் கேட்டார்:
யாரம்மா முன்னால் போகிறது?

தெரியாது, என்றாள்.
நான் முகம் பார்ப்பதில்லை.